இடுப்பில் மட்டும் மிஞ்சிய வயது

சாலையில் கல்லுடைக்கும் வேலையை விட்டுவிட்டுக் கம்பத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். மலையில் ஏலத்தோட்டம் முழுக்க நிழல் என்று கேள்விப்பட்டிருந்தேன். அடிவாரத்தில் கங்காணி தோட்டத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"பெருசு, ஒம்மால மல ஏற முடியாது" என்றார்.

"எனக்கு இருபத்தாறுதாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வேட்டிக் கட்டைக் கொஞ்சம் இறக்கி இடுப்பைக் காட்டினேன். வெயில் படாத அந்தத் தோல் மட்டும் சுருக்கமில்லாமல் இருந்தது.

"இடுப்பு எளவட்டந்தான். மொதலாளி மூஞ்சியத்தான பாப்பாக" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எட்டு வருடம் வெற்றுடம்போடு வெயிலில் நின்றேன். முக்காடு போட்டுக் கல்லுடைத்த பெண்களைக் கேலி செய்ததும் நான்தான். இந்த முகத்தைக் கழற்றிவைத்துவிட்டு எங்கே போவது?

மறுநாள் காலை உத்தமபாளையத்தில் செங்கல் அறுக்கச் சேர்ந்தேன். அதுவும் வெட்டவெளி வேலைதான். துண்டால் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு மண்ணில் இறங்கினேன்.