தறியில் இருக்கும் புடவையைப் புகழாதீர்கள்

போன மாசக் கடைசியில் எங்கள் வீட்டுத் தறியில் இழை அறுந்தது. தறி என்றால் இழை அறும், அதில் என்ன செய்தி என்கிறீர்களா? இந்தத் தடவை அறுத்தது எலியும் இல்லை, ஈரக்காற்றும் இல்லை. இங்கிலீஷ்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுசாகப் படிக்கவில்லை என்பது வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். இவள் ஏன் இங்கிலீஷைப் பற்றி எழுதுகிறாள் என்று பயப்படாதீர்கள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

என் மருமகள் கமலா எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்றதில் எல்லாம் தேறி, இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டவள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து ஒரு நாள் என்னிடம் வந்தாள்.

"அத்த, செப்டம்பர் பரீட்சைக்குப் பணம் கட்டட்டுமா? பாஸ் பண்ணா டீச்சர் ட்ரெய்னிங் போலாம். இத வுட்டா வயசு தாண்டிடும்."

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தனக்கென்று அவள் கேட்டது அது ஒன்றுதான். என் பிள்ளை வரதனும் சரி என்றான்.

சொல்லிக்கொடுக்க ஸ்டெல்லா டீச்சர் வந்தார். ஏனாத்தூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். பெரிய காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட வேலை. வேலை முடிந்து பஸ் பிடித்து, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு வருவார். ஒரு டம்ளர் காபி தவிர கைநீட்டி எதையும் வாங்கமாட்டார். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். ஒரு காலத்தில் அவருடைய ஆட்களை எங்கள் தெருவுக்குள் விட்டிருப்பார்களா? மாட்டார்கள். இன்றைக்கு அவர் மகள் வந்து எங்கள் வீட்டுப் பெண்ணுக்குப் பாடம் சொல்கிறார். காலம் சில சமயம் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

எங்கள் வீட்டில் நல்ல பல்பு ஒன்றுதான். அது தறிக்கு மேலே தொங்குகிறது. அதனால் பாடமும் தறிப் பக்கத்திலேயே நடக்கும். வரதன் நெய்துகொண்டிருப்பான். கமலா அவனுக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டே படிப்பாள்.

அன்றைக்குப் பாடம் செயப்பாட்டு வினை. யார் செய்தது என்று சொல்லாமலே ஒரு வாக்கியத்தை முடித்துவிடலாமாம். ஆனால் எப்படிச் செய்யப்பட்டது என்பதற்கு மட்டும் நடுவில் ஒரு சொல்லைச் செருக வேண்டுமாம். முழுசாக இடிக்கப்பட்டது... கொடூரமாகக் கொல்லப்பட்டான்... மெதுவாகத் திறக்கப்பட்டது...

நம் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் முதலில் என்ன கேட்போம்? அடுப்புப் பக்கம் யார் நின்றது என்றுதானே? இங்கிலீஷ்காரன் அதைக் கேட்கவே மாட்டான் போலிருக்கிறது. 'பால் வெகு நேர்த்தியாகக் கொட்டப்பட்டது' என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவான். மாமியார் இருக்கிற வீட்டுக்கு எவ்வளவு தோதான பாஷை. அன்றைக்கே எனக்கு அதன் மேல் மரியாதை வந்துவிட்டது.

கமலாவுக்குத்தான் அந்த நடுச்சொல் எங்கே உட்காரும் என்று பிடிபடவில்லை. தலையில் வைத்தாள், வாலில் வைத்தாள். டீச்சர் சுற்றிலும் பார்த்தார். எதிரில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"கமலா, புக்க மூடு. கண்ணு முன்னாடி இருக்கறதப் பாரு. தி ஸாரி இஸ் பீயிங் பியூட்டிஃபுலி வோவன். இந்தப் பொடவ ரொம்ப அழகா நெய்யப்பட்டுக்கினு இருக்குது."

தறிச் சத்தம் நின்றது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில், தறியில் இருக்கிற புடவையை யாரும் புகழமாட்டார்கள். நெய்து முடித்து, அறுத்து இறக்குகிற வரைக்கும் அழகு, அருமை என்ற பேச்சே கூடாது. கண் பட்டுவிடும். அதிலும் அது ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தப் புடவை.

வரதன் திரும்பி டீச்சரைப் பார்த்தான். மறுபடி நெய்ய ஆரம்பித்தான். அடுத்த நிமிஷம், சரிகைக் கரையோரம் ஒரு கொத்து இழை... சடக்.

டீச்சர் போன பிறகு, அறுந்ததை ஒவ்வொன்றாகப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னான்.

"நாளையிலேர்ந்து டியூசன் வேணாம். சொல்லிடும்மா."

"வேணாம்னா? பரீட்ச கிட்ட வந்துடுச்சி. அவ என்னா பண்ணுவா?"

"நான் என்னாம்மா பண்றது? பொடவ கெட்டுப்போச்சின்னா அந்தக் கல்யாண வூட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

கமலா இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இன்னொரு கவலையும் என்னை அரித்தது. 'வர வேண்டாம்' என்றால் டீச்சர் என்ன நினைப்பார்? இழை அறுந்ததையா நினைப்பார்? தன் பிறப்பைத்தானே நினைப்பார்? அந்த நினைப்போடு அவர் எங்கள் வாசற்படி இறங்கக் கூடாது.

மறுநாள் வாசலிலேயே மடக்கி, நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"தெரியாம சொல்லிட்டேம்மா. நான் போயி அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"மன்னிப்பெல்லாம் வேணாம் டீச்சரம்மா. நீங்க திட்டுங்க."

"யார?"

"பொடவய. உங்க ஊர்ல கொழந்த அழகாப் பொறந்துட்டா என்னா பண்ணுவீங்க?"

"கன்னத்துல மை வெப்போம். கருவாயான்னு கூப்புடுவோம்."

"அதான். இதுக்கும் ஒரு மை வெச்சிடுங்க. இங்கிலீஷ் மை."

டீச்சர் என்னையே பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

"கமலா, இங்க வாம்மா. புக்கு வேணாம், சும்மா கேளு. தி ஸாரி இஸ் பீயிங் பேட்லி வோவன்."

"அப்பிடின்னா?" என்றான் வரதன், தறியிலிருந்தே.

"பொடவ ரொம்ப மோசமா நெய்யப்படுதாம்பா," என்றேன், அவன் பக்கம் பார்க்காமல்.

முடிச்சுப் போட்ட இடத்தை ஒரு தரம் தடவிப் பார்த்தான். பிறகு தறி ஓட ஆரம்பித்தது.

"பேட்லி எங்க வருது பாத்தியா கமலா? பீயிங்குக்கும் வோவனுக்கும் நடுவுல. ரெண்டு புருவத்துக்கு நடுவுல பொட்டு வெக்கற மாதிரி."

நாம் திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைக்கிறோம், இங்கிலீஷ்காரன் நெற்றியில் வைக்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம். கமலாவுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. கேர்லெஸ்லி, லேஸிலி... நாலு வருஷமாகப் புருஷன் எதிரில் உரக்கப் பேசாதவள், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"தி ஸாரி இஸ் பீயிங் ஃபூலிஷ்லி வோவன்."

"இதுக்கு என்னாடி அர்த்தம்?"

"முட்டாத்தனமா நெய்யப்படுதுங்க."

"யாரு நெய்யறதுன்னு அதுல வரலியே?"

"அதச் சொல்லத் தேவயில்லீங்க. பாத்தாலே தெரியும்னா வுட்டுடலாம்னு டீச்சர் சொல்லியிருக்காங்க."

வரதன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுச் சிரித்தான். அன்றைக்கு ஒரு இழைகூட அறவில்லை. மறுநாள் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்தது அவன்தான். பஸ் கிடைக்காமல் டீச்சர் தாமதமாக வந்தால், "என்னா டீச்சர், திட்டு வுழாம தறி ஓட மாட்டேங்குது," என்பான்.

உண்மையிலேயே கண் பட்டுத்தான் அறுந்ததா? வரதன் ஆமாம் என்பான். அவன் பயத்தோடு நெய்ததில் கை தடுமாறியது என்பது என் கட்சி. அதை அவனிடம் சொல்லவில்லை. நானும் அந்த வீட்டில்தானே சாப்பிட வேண்டும்?

ஆனால் டீச்சரை நினைத்தால்தான் எனக்கு மனசு நிறைந்துபோகிறது. 'இதென்ன மூடத்தனம்' என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கிற படிப்பு இருந்தது. கேட்கவில்லை. தன் ஆட்களை ஒரு காலத்தில் உள்ளே விடாத தெரு இது. அந்தத் தெருவின் பயத்தைக்கூட மதித்து, அதை வைத்தே பாடம் நடத்திவிட்டார். இதற்கு எந்தச் சொல்லைச் செருகி நன்றி சொல்வது? என் மூன்றாம் வகுப்பில் அந்தப் பாடம் வரவில்லை.

புடவை நல்லபடியாக இறங்கி, கல்யாண வீட்டுக்குப் போய்விட்டது. முந்தாநாள் இங்கிலீஷ் பரீட்சை. வரதன் கமலாவை சைக்கிளில் கொண்டுபோய் விட்டான். மத்தியானம் அழைத்துவர நானும் போனேன். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அங்கே எங்களுக்கு முன்னாலேயே ஸ்டெல்லா டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு லீவு போட்டிருந்தாராம்.

கமலா வெளியே வந்ததும் கேள்வித்தாளைப் பிடுங்கிக்கொண்டு, அவளைச் சுவரோரம் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் முகம் படிக்கத் தெரியும். ஆனால் இரண்டு பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். வரதன் துடைத்த சைக்கிள் மணியையே மறுபடி வேட்டியால் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு வழியாகத் திரும்பி வந்தார்கள்.

"என்னா டீச்சரம்மா, எப்பிடி எழுதியிருக்கா?"

டீச்சர் வரதனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரிசல்ட் வர இன்னும் நாள் இருக்கிறதே.

"படுமோசமா எழுதப்பட்டிருக்குதும்மா," என்றார். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு.

நான் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் கண்ணே பட்டுவிடும்.