தங்கபாய் டீச்சரின் பஞ்சுக் கருந்துளை

தங்கபாய் டீச்சருக்கு வானத்துப் பைத்தியம் என்பது ராஜபாளையத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். பெண்கள் பள்ளியில் இயற்பியல் எடுத்தார். அங்கே அறிவியல் மன்றத்துக்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. அதன்மேல்தான் அவருக்கு உயிர். தொண்ணூற்றொன்பதில் தலைமையாசிரியை வெள்ளத்தாய் கறாராகச் சொல்லிவிட்டார்: "ஸ்ரீவில்லிபுத்தூர் கண்காட்சியில ஒரு பரிசாவது வாங்கிட்டு வாங்க டீச்சர். இல்லேன்னா அந்த ரூம்ல தையல் மிஷினைப் போட்டுருவேன்."

வேறு யாராவது என்றால் எரிமலை செய்து பிழைத்திருப்பார்கள். இந்த மகராசி கருந்துளையைப் பிடித்துக்கொண்டார். அதுவும் பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்துத் தின்கிற கருந்துளை. வாயு நேரே உள்ளே போகாது; தட்டு மாதிரி சுற்றிச் சுற்றிச் சூடேறி எக்ஸ் கதிரை வீசும். அதில் கொஞ்சம் உள்ளே விழாமலே மேலும் கீழும் தாரையாகப் பீய்ச்சும். விழுகிற அளவுக்குத் தக்கபடி தாரை மாறும் என்பதுதான் டீச்சர் காட்ட நினைத்த சங்கதி.

புருஷன் பொன்னுராஜ் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். பழைய விசிறி ஒன்றை டின்னுக்குள் பூட்டி, மேலும் கீழும் குழாய் வைத்துக் கொடுத்தார். பஞ்சைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டால் ரெண்டு குழாயிலும் மெல்லிசாகப் பறக்கும். பார்க்க அம்புட்டு அழகு. கண்காட்சியில் பஞ்சு போடுகிற வேலையும் பொன்னுராஜுக்குத்தான்.

"சிட்டிகைதான் போடணும்" என்று டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார்.

"சரிட்டி, சரிட்டி" என்று தலையாட்டினார் அவர்.

மில்காரர் புத்தி எங்கே போகும்? மிஷின் பஞ்சில்லாமல் வெறுமனே ஓடினால் மேஸ்திரி வைகிற வசவு காதிலேயே நிற்குமே. நடுவர்கள் மேசைக்கு வந்ததும் மனுஷன் பதறிப்போய், ரெண்டு கையாலும் அள்ளித் திணித்துவிட்டார். தாரை நின்றது. டின் மட்டும் உறுமியது.

டீச்சருக்குத் தையல் மிஷின்கள் வரிசையாகக் கண்ணில் ஓடின. எப்படியோ வாயைத் திறந்தார்.

"இதுவும் நடக்கும் சார். அளவா விழும்போது தாரை நிதானமா ஓடும். ஏகமா விழுந்தா தட்டு ஜொலிக்கும், தாரை அடங்கிப்போகும். இந்த டின்னுல அடைப்பு. வானத்துல ஏன் அப்படின்னு இன்னும் யாருக்கும் முழுசாப் பிடிபடல."

"அந்த நிலை மாறுற சமயத்துல?" என்று கேட்டபடி நடுவர்களில் ஒருவரான மதுரைப் பேராசிரியர் குனிந்து குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்பத்தான் சார் மொத்தமா வீசி எறியும்."

டீச்சர் சொல்லி முடிக்கவில்லை, டின் குமுறி அம்புட்டுப் பஞ்சையும் கக்கியது. பேராசிரியரின் மீசை வெளுத்தது. பக்கத்தில் நின்ற வெள்ளத்தாய் டீச்சரின் கொண்டை பஞ்சுக்குள் காணாமல் போனது. பேராசிரியர் மீசையைத் துடைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். சாயங்காலம் ரெண்டாம் பரிசு என்று அறிவித்தார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் வெள்ளத்தாய் டீச்சர் கொண்டையிலிருந்து பஞ்சு பொறுக்கிக்கொண்டே அறைச் சாவியை எடுத்து நீட்டினார்.

"ரூம் உங்களுக்குத்தான். ஆனா உங்க வீட்டுக்காரவியள மட்டும் உள்ள விட்டுராதீங்க."

பின் சீட்டில் இருந்த பொன்னுராஜ் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அடுத்த வருசத்துக்கு இதவிடப் பெரிய மோட்டாரு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன் டீச்சர்" என்றார் வெள்ளத்தாயிடம்.