இரண்டு கட்சி நாட்டிலிருந்து வந்த சமையற்காரர்

அருள்நேசன் இத்தாலிக்குப் போகத்தான் கப்பலேறினார். இயந்திரம் பழுதாகி, நடுக்கடலில் மூன்று நாள் தத்தளித்துக் கடைசியில் கரைசேர்ந்த இடம் மால்டா. அப்படியொரு நாடு இருப்பதே அதுவரை அவருக்குத் தெரியாது. அப்போது வயது இருபத்தெட்டு. ஒரு மணித்தியாலத்தில் காரில் ஓடி முடித்துவிடக்கூடிய அந்தத் தீவில் பதினொரு வருடம் இருந்தார்.

சமையல் பழகியது அங்கேதான், ஒரு கட்சியின் கிளப்பில். மால்டாவில் பெரிய கட்சிகள் இரண்டு. ஊருக்கு ஊர் இரண்டுக்கும் கிளப் இருக்கும். குடிக்கலாம், சாப்பிடலாம், மற்றக் கட்சியைத் திட்டலாம். அவர் இருந்த ஊரில் ஒரு கிளப் தேவாலயத்தை ஒட்டியும், மற்றது சந்திக்கு அந்தப் பக்கம் பழைய கிணற்றை ஒட்டியும் இருந்தன. கட்சிகளின் பெயர்கள் அவருடைய நாக்கில் புரளவில்லை. கோயிலடிக் கட்சி, கிணற்றடிக் கட்சி என்று தானே பெயர் வைத்துக்கொண்டார். கோயிலடிக் கிளப்பில் அவர் முயல் கறி வைக்கும் நாட்களில் கிணற்றடிக்காரர்கள் அந்த வாசத்துக்கு வாசல்வரை வருவார்கள். உள்ளே மட்டும் வரமாட்டார்கள்.

ஒரு தேர்தலில் கோயிலடிக் கட்சி தோற்றது. ஊரில் பாதி கொடி கட்டிய கார்களில் கோர்ன் அடித்துக்கொண்டு ஓட, மறுபாதி கதவைச் சாத்திக்கொண்டது. கிளப்பில் ஆட்கள் குறைந்தார்கள். அடுத்த மாதம் சமையலறையை மூடிவிட்டார்கள். அருள்நேசன் சந்தியைக் கடந்துபோய்க் கிணற்றடிக் கிளப்பில் வேலை கேட்டார். அங்கே பாரில் நின்றவன் கோபப்படவில்லை. தோளில் தட்டிக்கொடுத்து, "நீ நல்ல சமையற்காரன்தான், ஆனால் அவர்களுடைய ஆள்" என்றான்.

வாக்கே இல்லாத ஒருவனுக்கு எப்படிக் கட்சி வந்தது? எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபோது அருள்நேசன் இதைத்தான் யோசித்தார். கட்சி என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து அப்பால் போகத் தொடங்கியதுதான் மிச்சம்.

பிறகு பாரிஸில் விசாவோடு இருந்த கலாவதியைக் கல்யாணம் செய்து, அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலுக்கு வந்தார். ரூ காய் என்ற தெருவில் ஐங்கரனுடைய சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. ரூ பிலிப்-து-ஜிராரில் நாலாம் மாடியில் வீடு. மகள் லக்ஷனா பிறந்தாள். பதினொரு வருடம் கழித்து அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அதற்கு அடுத்த வருடம், ஐம்பத்திரண்டாவது வயதில், நகரசபைத் தேர்தல் வந்தது. அவருடைய வாழ்க்கையின் முதல் பிரெஞ்சு வாக்கு. இங்கே தனி ஆளுக்கில்லை, வேட்பாளர்களின் பட்டியலுக்கு, அதாவது லிஸ்ற்றுக்குத்தான் வாக்கு.

முதலாளி ஐங்கரன் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒருநாள் அடுப்படிக்கு வந்தார்.

"நேசன் அண்ணை, உங்களுக்கு இப்ப வோட் இருக்குத்தானே? எங்கடை லிஸ்ற்றுக்குத்தான் போடவேணும், சொல்லிப்போட்டன்."

எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஞானசுந்தரம் வேறொரு லிஸ்ற்றுக்காக ஓடித் திரிந்தார்.

"தம்பி, உன்ரை முதலாளியின்ரை கதையைக் கேளாதை. எங்கடை லிஸ்ற்றிலை ஒரு தமிழ்ப் பிள்ளை நிக்குது, கஜந்தினி எண்டு. பதினாலாவது இடம்!"

இரண்டு கிழமையில் ஐங்கரனும் ஞானசுந்தரமும் முகம் பார்ப்பதை விட்டார்கள். எதிர்க்கடையில் கறிவேப்பிலை வாங்கக்கூடாது என்று ஐங்கரன் சொல்லிவிட்டார். அருள்நேசன் ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்துப் பக்கம் நடந்துபோய் வாங்கி வந்தார். போகும்போதும் வரும்போதும் அந்த மால்டாக்காரன் தோளில் தட்டுவதுபோலவே இருந்தது.

வீட்டில் கலாவதியும் கேட்டாள். "ஆருக்குப் போடப்போறியள்?"

"மமோ, செ செக்ரே!" என்று கத்தினாள் லக்ஷனா. அது ரகசியமாம், மனுசிகூடக் கேட்கக்கூடாதாம். பள்ளிக்கூடத்தில் படித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அருள்நேசன் சட்டைப் பையில் பேனையோடு வாக்குச்சாவடிக்குப் போனார். பிறந்த நாட்டில் வோட் என்றால் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி, அதாவது புள்ளடி. இங்கே லிஸ்ற்றுக்கு ஒன்றாகத் தாள்களை மேசையில் அடுக்கியிருந்தார்கள். திரைக்குப் பின்னால் போய்ப் பேனையைத் திறந்தபோதுதான், புள்ளடி போடத் தாளில் ஒரு கட்டமும் இல்லையென்று கண்டார். திரையை விலக்கித் தலையை நீட்டினார்.

மேசையில் இருந்த வயதான பெண்ணுக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்ற பாண்டிச்சேரிக்காரி, பெயர் தெரேஸ். "எதுவும் எழுதாதீங்க மிசே. சின்னக் கோடு போட்டாலும் செல்லாது. உங்களுக்குப் பிடிச்ச தாளை உறைக்குள்ள வெச்சு, பெட்டியில போடுங்க, அவ்வளவுதான்."

போட்டுவிட்டுக் கையெழுத்து வைக்கும்போது அவள் கேட்டாள். "பிரெஞ்சு வாசிப்பீங்களா? எட்டு மணிக்கு எண்ண உட்காரணும், ஆள் பத்தல."

"ஓம்" என்று சொல்லிவிட்டுத்தான் யோசித்தார்.

எண்ணும் மேசையில் நாலு பேர். உறையைத் திறந்து தாளை விரிப்பது அருள்நேசனின் வேலை. மால்டா ஊரில் எந்த வீடு எந்தப் பக்கம் என்று குழந்தைக்கும் தெரியும். இங்கே நூறு தாள் விரித்தார், நூறும் ஒரே மாதிரி மடித்த, போட்டவர் பெயரில்லாத தாள்கள். ஐங்கரன் போட்டது எது, ஞானசுந்தரம் போட்டது எது, தான் போட்டது எது என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. அடுத்த கட்டு உறைகளுக்குத் தானே கையை நீட்டினார்.

அப்போதுதான் அது வந்தது. கஜந்தினியின் பெயருக்கு நேரே நீல மையில் ஒரு புள்ளடி. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, ஐங்கரனுடைய லிஸ்ற்றில். பிறகு மூன்றாவது லிஸ்ற் ஒன்றிலும். தெரேஸ் ஒவ்வொன்றையும் எடுத்து ஒதுக்கி வைத்தாள். எண்ணி முடிக்கையில் ஒன்பது. ஒன்பது பேர் வந்து, வரிசையில் நின்று, நெஞ்சறிய ஒரு முடிவெடுத்துப் போட்டது ஒன்றுமில்லாமல் போய்விட்டதே என்று அருள்நேசனுக்கு மனம் கேட்கவில்லை.

முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஐங்கரன் கையில் போனோடு அடுப்படிக்குள் ஓடி வந்தார்.

"அண்ணை, ரெண்டாம் சுற்றுக்கு எங்கடை லிஸ்ற்றும் அவையின்ரை லிஸ்ற்றும் சேர்ந்திட்டுது!"

அருள்நேசன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். ஞானசுந்தரம் சுவரொட்டிகளும் பசை வாளியுமாக ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார். கோயிலடியும் கிணற்றடியும் இரண்டு நாளில் ஒன்றாவதா? மால்டாவில் இதைச் சொன்னால் வைத்தியரிடம் கூட்டிப்போவார்கள்.

"அதுசரி அண்ணை, நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?" ஐங்கரன் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அருள்நேசனின் அகப்பை நின்றது. "அது சொல்லமாட்டன் ஐங்கரன்" என்றார். சொல்லிவிட்டு, வருவது வரட்டும் என்று நின்றார்.

"சரி, சொல்லாதேங்கோ. பருப்பு அடிப்பிடிக்குது, பாருங்கோ."

அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருடம் பயந்தோம் என்றிருந்தது அவருக்கு. அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்து, இரண்டு பேரையும் இருத்தி, ஒன்பது புள்ளடியின் கதையைச் சொன்னார். ஞானசுந்தரம் தலையில் கை வைத்தார்.

"ஐயோ, நான்தான் நாலைஞ்சு பேருக்குச் சொன்னனான், கஜந்தினியின்ரை பேருக்கு நேரே வடிவாப் புள்ளடி போடுங்கோ எண்டு!"

"எல்லாக் கடைக்கும் போய்ச் சொல்லவேணும் அண்ணை. அன்ரனுக்கும்" என்றார் அருள்நேசன்.

அன்ரன் முடிவெட்டும் கடைக்காரர், மூன்றாவது லிஸ்ற்றின் ஆள். ஞானசுந்தரம் தயங்கினார். "அவன்ரை ஆக்கள் பிழையா எழுதினால் எங்களுக்கு நல்லந்தானே, தம்பி?"

"அவையும் வரிசையிலை நிண்டுதானே போட்டவை" என்றார் அருள்நேசன்.

அந்தக் கிழமை முழுவதும், வேலை முடிந்து வாக்குள்ள தமிழர் யாரைக் கண்டாலும், கடையின் மெனு அட்டையை மடித்துக் காட்டினார். எழுதவேண்டாம், மடித்துப் போடுங்கோ. இன்னாருக்கு என்று வாய் திறக்கவில்லை. அன்ரன் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். கேட்டு முடித்ததும், கடைக் கண்ணாடியில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார்.

இரண்டாம் ஞாயிறும் அருள்நேசன் எண்ண உட்கார்ந்தார். அந்த மேசையில் புள்ளடி ஒன்றே ஒன்றுதான் வந்தது. சேர்ந்த லிஸ்ற் அந்தச் சாவடியில் அன்ரனுடைய லிஸ்ற்றிடம் கொஞ்ச வாக்கில் தோற்றது. லிஸ்ற்றுகள் சேர்ந்தபோது பின்னுக்குத் தள்ளப்பட்ட கஜந்தினிக்கு ஆசனம் கிடைக்கவில்லை. ஆறு வருடம் கழித்து அடுத்த தேர்தலில் முதல் ஐந்துக்குள் நிற்பேன் என்று அவள் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். திங்கட்கிழமை அன்ரன் வென்ற முகத்தோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து உள்ளே உட்கார்ந்தார். ஐங்கரனே சோறு போட்டார். நக்கலும் பதில் நக்கலுமாக ஒரு மணித்தியாலம் போனது.

அன்று பின்னேரம் கலாவதி வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னாள்.

"எனக்கும் குடியுரிமைக்குப் போடுங்கோ."

"வதிவிடக் காத் காணும், குடியுரிமை வேண்டாம் எண்டெல்லே சொன்னனீர்?"

"இருபது வருசமா இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிறன். ஆர் மேயரா வரவேணுமெண்டு நானும் ஒருக்காச் சொல்லுவம்."

லக்ஷனா மடிக்கணினியைத் திறந்து கேள்விகளைப் பிரெஞ்சில் வாசித்தாள். கலாவதி தமிழில் பதில் சொன்னாள். அன்றைக்கு மூன்று பக்கம் நிரப்பினார்கள். மிச்சத்துக்கு ஊரிலிருந்து பிறப்புச் சான்றிதழ் வரவேண்டியிருந்தது.