கை நனைத்த மத்தியானம்

சுடுகிற தார் ரோட்டில் நடந்த காலோடு அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும், உடம்பெல்லாம் சில்லிட்டு, சோம்பும் ரூம் ஸ்பிரேயும் கலந்த ஒரு வாசனை மூக்கில் ஏறியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. பட்டப்பகலில் எதற்காக இப்படி இருட்டாக வைத்திருந்தார்கள் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

2007ஆம் வருஷம், கடலூரில் நான் நான்காம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறை. கிள்ளைப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவர் என் அக்காவைப் பார்ப்பதற்காக, இரண்டு குடும்பமும் சாமி கும்பிட வந்தாற்போல் சிதம்பரம் கோயிலில் சந்தித்துக்கொண்டோம். பார்த்து முடித்ததும் அவர்கள் எங்களை 'ஏ.சி. ஓட்டலுக்கு'க் கூப்பிட்டுவிட்டார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. பேச்சு முடிவாகும் முன் மாப்பிள்ளை வீட்டில் 'கை நனைக்கிற' வழக்கம் எங்களுக்குக் கிடையாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஆனால் ஓட்டல் யாருடைய வீடு?

"வீட்லதான் மச்சான் அதெல்லாம். ஓட்டல்ல என்னா இருக்கு?" என்று மாமா அப்பாவின் காதில் சொன்னார்.

"அவுங்க கூட்டிட்டுப் போனா அது அவுங்க சோறுதான? குடிக்கிறது மட்டுந்தான், யாரும் கை நனைக்கக் கூடாது" என்று அம்மா வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அக்காவுக்குப் பிடித்திருக்கிறதா என்பதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அதை வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்களோ என்னவோ.

அம்மாவின் சட்டத்தை முதலில் குலைத்தது சூப். குடிக்கிற பொருள்தான், ஆனால் உள்ளே மக்காச்சோள முத்துகள் மிதந்தன. அப்பா முத்தோடு சேர்த்துக் குடித்துவிட்டார். அம்மா தண்ணீரை மட்டும் உறிஞ்சி, முத்துகளைக் கிண்ணத்தின் அடியில் பத்திரமாகச் சேர்த்து வைத்தாள். மாமா ஒரு வாய் மென்றவர், அம்மா முறைத்ததும் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் வெண்ணெய் மினுங்க 'பட்டர் நான்' ரொட்டி வந்தது. கோட்டுப் போட்ட சர்வர் கேட்காமலே எல்லார் தட்டுக்கும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். "சாப்புடுங்க, ஏன் கூச்சப்படுறீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அய்ய, வயிறு ஃபுல்லா இருக்குங்க" என்றாள் என் அம்மா. கோயிலுக்குப் போகிறோம் என்று விடிகாலையில் பட்டினியாகவே பஸ் ஏறியவர்கள் நாங்கள். மேஜைக்கு அடியில் அக்காவின் முந்தானையை இழுத்து, "பசிக்குதுக்கா" என்றேன். அவள் அசையவில்லை. மறுபடி இழுத்தேன். மூன்றாவது முறை இழுத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா கையை நீட்டி அந்த ரொட்டியைப் பிய்த்தாள். ஒரு துண்டை என் தட்டில் வைத்தாள், இன்னொரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"பொண்ணே கை நனைச்சிடிச்சி, அப்பறம் என்னாங்க!" என்று மாப்பிள்ளையின் அம்மா பூரித்துப்போனார். அம்மா முகத்தில் ஈயாடவில்லை. நான் அதையெல்லாம் கவனிக்காமல் தின்றேன்; அவ்வளவு ருசியாக இருந்தது என்று சொல்லத்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில், "பசியில சாப்ட்டியா, புடிச்சிப்போயி சாப்ட்டியாடி?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பேசாமல் இருப்பதும் சம்மதம்தான் என்று மாமா சொல்லிவிட்டார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அந்த ஓட்டல் இப்போது இல்லை. அதே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் செல்போன் விற்கிறார்கள். எங்கள் குடும்பத்துப் பெண்கள் இன்று மாப்பிள்ளையோடு தனியாகக் காபி ஷாப்புக்குப் போய், வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து, வேண்டாம் என்கிறார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அக்கா வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. போன மாதம் கிள்ளைக்குப் போயிருந்தபோது, அக்கா சோறு போட்டுக்கொண்டிருக்கையில் கேட்டே விட்டேன்: "நான் அன்னிக்கு அழுவாம இருந்திருந்தா, நீ என்னாக்கா சொல்லியிருப்ப?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இத்தினி வருசத்துல நீதான்டி மொதல்ல கேக்குற" என்றாள். அப்புறம் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "சாப்புடு, ஆறிடப் போவுது."