ஏகப்பன் காட்டிய வீடு

திருப்பத்தூருக்குக் கிழக்கே இருந்த மானாவாரி நிலம் மூன்று வருஷம் தொடர்ந்து பொய்த்ததும், ஏகப்பன் ஒரு நகரத்தார் கடைக்குக் காவலாளாகச் சைகோன் போனான். அங்கிருந்து கப்பலில் கரி அள்ளிப்போடும் வேலைக்கு மாறினான். அது 1924.

ஹாங்காங் போகிற வழியில் ஒரு காலை, பயணிகளாக ஏறியிருந்த சீனர் இருபது பேர் துப்பாக்கியை எடுத்தார்கள். கப்பலை ஒரு குடாவுக்குள் திருப்பி, கொள்ளையைப் படகுகளில் இறக்கினார்கள். சுமக்க ஆள் வேண்டுமென்று ஏகப்பனையும் கூட்டிப் போனார்கள். கரையில் பெட்டி நழுவி அவன் பாதத்தில் விழுந்தது. நடக்க முடியாதவனை ஒரு மீனவக் குடிசையில் போட்டுவிட்டு, அவர்கள் மலைக்குள் போய்விட்டார்கள்.

அந்த வீட்டுக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. கஞ்சியும் கருவாடும் கொடுத்தாள். ஏதோ இலையை அரைத்துக் காலில் கட்டினாள். பெயரைக் கேட்டான், சொன்னாள், அவன் வாயில் நுழையவில்லை. அப்படியே பத்தொன்பது நாள் கிடந்தான்.

மறுநாள் இங்கிலீஷ் போர்க்கப்பல் ஒன்றும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றும் சேர்ந்து வந்தன. முதலில் கரையில் கிடந்த ஊர்ப் படகுகளைச் சுட்டு உடைத்தார்கள். பிறகு சிப்பாய்கள் இறங்கினார்கள். நொண்டிக்கொண்டு கடற்கரைக்கு வந்த ஏகப்பனிடம், மலாய் தெரிந்த ஒருவன், எந்த வீட்டில் அடைத்து வைத்திருந்தார்கள் என்று கேட்டான். கப்பலில் பழகிய மலாய் அவனுக்குப் புரிந்தது. கையை நீட்டிக் காட்டினான்.

அவளை வெளியே வரச் சொல்லி, கூரையில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அவள் அரிசிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஏகப்பனும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அப்போது தோன்றவில்லை.

ஊருக்கு வந்தான். கொள்ளைக்காரர்களைப் பற்றி ஆளாளுக்குக் கேட்டார்கள். இருபது பேர் என்றான், அவ்வளவுதான். போட்டதைச் சாப்பிட்டான். திருக்கோஷ்டியூர்த் தெப்பத்துக்கு மனைவி நாகவல்லி கூப்பிட்டபோது போனான், வந்தான். ஒரு மத்தியானம் களையெடுக்கையில், அவள் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கையிலிருந்த களையை வரப்பில் போட்டாள். பிறகு, "நீங்க காட்டாட்டியும் அவுக எரிச்சிருப்பாக," என்றாள்.

"எரிச்சிருப்பாக."

"அப்பறம் ஏன் இப்புடி இருக்கீக?"

"தெரியல."

அவள் அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள். அவனும் நகர்ந்தான்.

பிறகு அவர்களுக்குள் அந்தப் பேச்சு வரவில்லை. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தான். கண்மாய் வேலைக்குப் போய்வந்தான். கப்பலுக்குப் போகலாமா என்று யாராவது யோசனை கேட்டால், சோறு உண்டு, வெக்கை ஜாஸ்தி என்று மட்டும் சொல்வான்.