மூடாத குழிகள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் வாசலில் நிற்கிறேன். ஜவ்வாது மலையில் எங்கள் காட்டைத் தீயிலிருந்து காக்கும் நான்கு பேருக்கு வருடா வருடம் சம்பளம் தர முடியுமா என்று கேட்க வந்தேன். இதுவரை அவர்களுக்குச் சம்பளம் தந்த பழைய திட்டத்தின் பணம் இந்த மாதத்தோடு தீர்கிறது. மேலாளர் தருவதாகச் சொன்னது ஒரு லாரி மரக்கன்றும் கம்பெனி பெயர் போட்ட பலகையும்தான். சம்பளம் தொடர்செலவாம், அதெல்லாம் முடியாதாம்.

சுவரோரம் தோட்ட வேலை செய்யும் அமுலு, கரித்தூள் படிந்த குழிகளிலிருந்து குச்சியாகக் காய்ந்துபோன மரக்கன்றுகளைப் பிடுங்கி எறிகிறாள்.

"இன்னா சார், மூஞ்சி செத்துப்போச்சு? இன்னா குடுத்தாங்க?"

"மலையில நட மரக்கன்று."

அவள் சிரிக்கிறாள். "இங்கயும் நாளைக்கு ஆண்டு விழாவுக்கு அதான். கம்பெனிப் பெரியவரு வந்து நடுவாரு. வருசா வருசம் இதே குழிதான். மூட வாணாம்னு சொல்லிக்கீறாங்க."

"தண்ணி ஊத்த மாட்டீங்களா?"

"போட்டோ புடிச்சதும் பைப்பச் சுருட்டிக்கினு போய்டுவாங்க."

"எங்க மலையில தண்ணிய மழையே ஊத்திடும்மா. தீ புடிச்சா அணைக்கத்தான் ஆள் வேணும்."

"அதுக்கு எவன் டப்பு குடுப்பான்? குடுக்கறத வாங்கிக்கினு போ சார். குழிய மட்டும் மூடாத. அடுத்த வருசமும் குடுப்பாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாசி வெயிலில் மலைப்புல் காய்ந்து கிடக்கிறது. இனிமேல்தான் தீ பிடிக்கும் காலம். அந்த நான்கு பேரையும் நானே போய் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.