திரை போட்டிருந்த அரை மணித்தியாலம்

“அந்தக் கணக்கு எங்களுடையது அல்ல.”

போன வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பதினொன்றே முக்காலுக்கு, நாங்கள் வாங்கும் வீட்டின் சட்டவேலை பார்க்கும் சொலிசிட்டரின் அலுவலகப் பெண் தொலைபேசியில் இப்படிச் சொன்னார். அடுப்படித் தரையிலேயே குந்திவிட்டேன். அன்று நடந்ததை, கோயில் அம்மாளை நம்பும் உங்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறேன். என்னுடைய வாய்த் துடுக்கையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

எனக்கும் சுதனுக்கும் கலியாணமாகி ஐந்து வருடம். முதல் நாளிலிருந்தே லண்டன் மோர்டனில், சுதனின் பெற்றோரான மாமா மாமியின் வீட்டில், பின்பக்கத்துச் சின்ன அறையில் இருந்தோம். அதில் ஒருவர் உடுப்பு மாற்றினால் மற்றவர் கட்டிலில் ஏறிவிட வேண்டும். வாடகைக்குப் போனால் ஒன்றும் மிஞ்சாது என்றுதான் அங்கே இருந்தோம். இரண்டு பேர் சம்பளத்திலும் பிடித்துப் பிடித்து, சொந்த வீட்டுக்கு டிப்பொசிட், அதாவது முற்பணம், சேர்த்தோம். பிள்ளை பெறுவதைக்கூடத் தள்ளிப்போட்டோம். அதை நினைத்து நான் அழாத மாதம் இல்லை.

மாமி கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு உறையில் இரண்டு வாள் என்பார்களே, அதுதான் எங்கள் அடுப்படி. நான் எதை வைத்தாலும் அவர் எடுத்து வேறு இடத்தில் வைப்பார். வெள்ளிக்கிழமைதோறும் டூட்டிங் அம்மன் கோயிலில் கும்பிடும்போது நான் கேட்டது ஒன்றுதான்: “அம்மாளே, என்னை இந்த மனுசியிட்டையிருந்து கழட்டிவிடு.”

கடைசியில் லண்டனின் மறுபக்கத்தில், பார்க்கிங் என்ற ஊரில் இரண்டு அறையோடு ஒரு சின்ன வீடு பொருந்தி வந்தது. வியாழக்கிழமை பின்னேரம் சொலிசிட்டரிடமிருந்து மெயில் வந்தது. டிப்பொசிட்டை வெள்ளிக்கிழமையே அனுப்ப வேண்டும், கணக்கு மாறிவிட்டது, புது இலக்கம் இதுதான் என்றிருந்தது. அதே பெயர், அதே கையொப்பம். நாங்கள் சந்தேகப்படவே இல்லை. பெரிய தொகை என்பதால் சுதன் டூட்டிங்கில் உள்ள வங்கிக்கு நேரில் போக, பன்னிரண்டு மணிக்கு நேரம் எடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மாமி கலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

“மோனை, பத்தரைக்கு ராகுகாலம் துவங்குது. அதுக்கு முன்னம் நூற்றியொரு பவுணை அனுப்பிவிடு. முதல் காசு நல்ல நேரத்திலை போகட்டும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “மாமி, அவர் சொலிசிட்டர். கலியாண வீட்டிலை குடுக்கிற என்வலப் இல்லை இது” என்றேன். சுதன் பாவம், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, போனைத் தட்டி நூற்றியொரு பவுணை அனுப்பினார். பதினொரு மணிபோல இருவரும் புறப்பட்டார்கள். மாமி மரக்கறி வாங்கக் கூடப் போனார். வாசலில் நின்று, “பிள்ளை, காசு போய்ச் சேர்ந்ததோ எண்டு ஒருக்காக் கேளுமன்” என்றார்.

‘ஓம் மாமி, உங்கடை நூற்றியொண்டு சேர்ந்திட்டுது’ என்று பின்னேரம் நக்கலாகச் சொல்வதற்காகவே சொலிசிட்டரின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அந்தப் பெண் என்னிடம் கணக்கு இலக்கத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகுதான் அந்தச் சொல். அப்படி ஒரு மெயிலே தாங்கள் அனுப்பவில்லை, யாரோ திருடன் அனுப்பியிருக்கிறான், இனி ஒரு பென்னிகூட அனுப்பவேண்டாம் என்றார்.

சுதனுக்கு அடித்தேன். போன் நிறுத்தியிருந்தது. மாமிக்கு அடித்தேன். அவருடைய போன் எனக்குப் பக்கத்தில், ரைஸ் குக்கருக்கு அருகில் கிடந்து அலறியது. வீட்டுச் செருப்போடு ஓடினேன். மோர்டனிலிருந்து டூட்டிங் மூன்று நிறுத்தம்தான், ஆனால் அன்று அந்த ரயில் நகரவே இல்லைப் போலிருந்தது. தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. “அம்மாளே, அவரை மறிச்சு வை, மறிச்சு வை” என்பது மட்டும் வந்தது.

வங்கிக்குள் ஓடியபோது பன்னிரண்டே கால். சுதன் அங்கே இல்லை. நான் சொன்ன கணக்கு இலக்கத்தை அங்கிருந்த பெண் எழுதிக்கொண்டார். ஆனால் வாடிக்கையாளர் வந்தாரா, போனாரா என்று சொல்ல அனுமதியில்லை என்றுவிட்டார். காசை அனுப்பிவிட்டுப் போய்விட்டார் என்றே நினைத்தேன். ஐந்து வருடம்! வெளியே வந்து கண்ணாடிச் சுவரில் சாய்ந்து, ஆட்கள் பார்க்கப் பார்க்க அழுதேன். “வீடு வேண்டாம் அம்மாளே. அந்தச் சின்ன அறையிலேயே கிடக்கிறன். காசை மட்டும் காப்பாத்து” என்றேன்.

பன்னிரண்டு நாற்பதுக்கு, நெற்றி நிறைய வீபூதியோடு தாயும் மகனும் தெருவைக் கடந்து வந்தார்கள். மாமியின் கையில் அர்ச்சனைப் பை.

“காசு அனுப்பிட்டீங்களோ?” நான் கத்தியதில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இல்லையப்பா, இனித்தான் பாங்குக்குப் போறம்” என்றார் சுதன். “வீட்டுப் பேப்பரை அம்மாளின்ரை காலடியிலை வச்சு எடுக்க வேணும் எண்டு அம்மா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போட்டா. அங்கை போன் நிப்பாட்ட வேணுமெல்லே. நாங்கள் உள்ளுக்குப் போக, ஐயர் அலங்காரத்துக்குத் திரையைப் போட்டிட்டார்.”

“திரை திறந்து தீபம் காட்ட முதல் வெளிக்கிடுறதோ?” என்றார் மாமி. “பிந்துது எண்டு இவன் துள்ளினவன். அரை மணித்தியாலம் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். ஏன் பிள்ளை அழுகிறீர்?”

சொன்னேன். சுதனின் முகம் வெளிறிப்போனது. மாமி சுவரைத் தேடிப் பிடித்துக்கொண்டார். நான் தெருவென்றும் பாராமல் அவரைக் கட்டிப்பிடித்தேன். ஐந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை.

திருடனுக்குப் போனது அந்த நூற்றியொரு பவுண் மட்டும்தான். பொலிசில் முறையிட்டோம், அது திரும்பி வரவில்லை. பிறகு சொலிசிட்டரிடம் நேரில் போய், உண்மையான இலக்கத்தை வாங்கித்தான் டிப்பொசிட்டைக் கட்டினோம். ஆடி பிறக்க முன்னர் பார்க்கிங்குக்குக் குடிவந்துவிட்டோம். மெயில் வரும் சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் நெஞ்சு திக்கென்கிறது.

அதைவிட என்னைத் திகைக்க வைப்பது வேறொன்று. எந்த மனுசியிடமிருந்து என்னைப் பிரித்துவிடு என்று ஐந்து வருடம் மன்றாடினேனோ, அந்த மனுசியின் கையால்தான் அம்மாள் என் புருசனை மறித்து வைத்தாள். நான் கேட்டதை அவள் உடனே தந்திருந்தால், அன்று எங்களைத் தடுக்க ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்காகப் பெற்றோரோடு நெருக்குப்பட்டுக்கொண்டு காசு சேர்க்கிற பிள்ளைகளே, அனுப்ப முன் சொலிசிட்டருக்கு ஒரு தடவை போன் எடுங்கள். அம்மாளிடம் மனம்விட்டுக் கேளுங்கள். அவள் நிச்சயம் கேட்பாள். ஆனால் யார் கையால் தரவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் டூட்டிங் கோயிலுக்குத்தான் போகிறேன். மோர்டனிலிருந்து மாமி வந்து சேரும்வரை உள்ளே போகமாட்டேன். வாசலில் நிற்பேன்.